குன்ச்சுவும் பீக்கிங் ஓபராவும்: புலவரின் மேடை, நடிகரின் மேடை

மிங், சிங் பேரரசுக் காலங்களில் சீன இசைநாடகம் செழித்தது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்தச் செழிப்பில் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு வடிவங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மூத்ததான குன்ச்சு, சூஜோ நகருக்கு அருகிலுள்ள குன்ஷானில் பிறந்தது. அவ்வட்டாரப் பாடல்முறையை 16ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபூ என்ற இசைவாணர் செம்மைப்படுத்தினார். அதன் நயத்தை வியந்தவர்கள் 'நீர்விட்டு அரைத்த இசை' என்றே அதை அழைத்தனர். இதில் மெட்டு முந்தியது, சொல் பிந்தியது. மரபாக வந்த மெட்டு ஒவ்வொன்றுக்கும் அடியளவும் சொற்களின் ஒலி ஏற்ற இறக்கமும் வரையறுக்கப்பட்டிருந்ததால், கற்றறிந்த புலவரே நாடகம் எழுத முடிந்தது. 1598இல் 55 காட்சிகளில் 'பியோனி மண்டபம்' எழுதிய டாங் ஷியன்ட்சுவே, சொற்கள் மெட்டுக்கு அடங்கவில்லை என்ற கண்டனத்திலிருந்து தப்பவில்லை. (இன்று அந்தக் கண்டனம் மறந்துபோய், நாடகம்தான் நிற்கிறது.)

பீக்கிங் ஓபராவின் வரலாற்றை 1790இல் சியான்லுங் பேரரசரின் எண்பதாம் பிறந்தநாளுக்காக ஆன்ஹுய் மாகாணக் குழுக்கள் தலைநகருக்கு வந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். பின்னர் ஹூபெய் நடிகர்களின் பாணியும் கலந்து, ஷிபி, அர்ஹுவாங் என்ற இரண்டு இசைமுறைகள் அதன் அடித்தளமாயின. ஏழு அல்லது பத்து அசை கொண்ட எளிய அடிகளை, தாளத்தை விளம்பமாக்கியோ துரிதமாக்கியோ, இடத்துக்கேற்பப் பாடிக்கொள்ளலாம். எனவே புலவரின் கையிலிருந்த பிடி நடிகரின் கைக்கு மாறியது. குன்ச்சுவில் ஒலித்த மூங்கில் குழலின் மென்மைக்குப் பதிலாக ஜிங்ஹு என்ற சிறு வில்வாத்தியத்தின் கூர்மையான ஒலி முன்னே வந்தது. காதலைவிடப் போரும் அரசவைச் சூழ்ச்சியும் தேநீர்க்கூடங்களில் கூட்டம் சேர்த்தன.

இலக்கியம் என்ற அளவில் குன்ச்சுவுக்கே என் வாக்கு. பீக்கிங் ஓபராவின் கதைகளைப் படித்து ரசிப்பது கடினம், அவற்றைப் பாடிக் கேட்க வேண்டும். ஆயினும் குன்ச்சு பின்தங்கியதற்கு அதன் கடினம் மட்டுமே காரணமன்று. அதைப் போற்றி வளர்த்த செல்வக் குடும்பங்கள் வாழ்ந்த சூஜோ, 1860இல் சிங் அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியாளர்களிடம் வீழ்ந்தது. அரண்மனையிலோ பேரரசி சிசியின் ஆதரவு புதிய வடிவத்துக்குக் கிடைத்தது.

வென்றவர்களும் பழையதைக் கைவிடவில்லை. பீக்கிங் ஓபராவின் தொடக்ககாலப் பெருநடிகரான செங் சாங்கெங் குன்ச்சுவிலும் தேர்ந்தவர். படை அணிவகுக்கும் காட்சிகளில் இன்றும் ஒலிப்பவை பல குன்ச்சு மெட்டுகளே.