எங்கள் ஊர் நூலகத்தில் 14 வருடங்கள்

2011 மார்கழியில் எங்கள் பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவரானேன். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கிற தோட்டக்கார ஊர் எங்களுடையது. சந்தைக்குப் பின்பக்கம் ஒரு மண்டபமும் ஓர் அறையும்தான் நூலகம். அன்றைக்குத் தந்த அட்டை நிறைந்து, கிழிந்து, இப்போது நாலாவது அட்டை வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர யோசிக்கிறவர்களுக்கும், இப்படியான நூலகங்களை நடத்துகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சேர்வதில் சிரமமே இல்லை. ஒரு படிவம், கிராம அலுவலரின் ஒப்பம், அடையாள அட்டைப் பிரதி, சிறிய வைப்புப் பணம். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், 14 நாள். பிந்தினால் தண்டம் உண்டு, ஆனால் அது சில்லறைக் காசு. பிள்ளைகளுக்குத் தனி அட்டை. பெற்றோர் ஒப்பமிட்டால் போதும். கிராம அலுவலரைச் சந்திக்க அலைய வேண்டுமே என்று சிலர் பின்னடிக்கிறார்கள். அவர் பொதுமக்களைச் சந்திக்கிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் முடிகிற வேலை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த நூலகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் முந்தி ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் இருந்ததாம். அப்பா வாங்கிச் சேர்த்தவை. 1995 ஐப்பசிக் கடைசியில் போர் நெருங்கி வர, வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அம்மா உடுப்புப் பெட்டியையும் என்னையும் தம்பியையும்தான் கொண்டு போனார். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. பிறகு எத்தனையோ வருடம் கழித்து, கையில் கொஞ்சம் காசு புழங்கிய காலத்தில், அம்மாவுக்குப் புத்தகம் வாங்கித் தரட்டா என்று கேட்டேன்.

“வேண்டாம் பிள்ளை. சேர்த்து வைக்க மனம் வருகுதில்லை. திரும்பவும் விட்டிட்டு ஓட வேண்டி வந்தால்?” என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் நூலகத்தில் சேர்ந்தேன். இரவல் புத்தகம் என்றால் அம்மாவுக்குப் பயமில்லை. வந்து போகிற விருந்தாளி மாதிரி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனுஷி, என் அட்டையில் வந்த நாவல்களில் பாதிக்கு மேல் என்னை விட முதலில் வாசித்து முடித்தவர்.

புத்தகங்களைப் பற்றிச் சொல்வதென்றால், 894.811 என்ற எண் ஒட்டிய இறாக்கைகள்தான் இந்த நூலகத்தின் உயிர். தமிழ் இலக்கியத்துக்கான எண் அது. நாவலும் சிறுகதையும் தாராளமாக இருக்கின்றன. ஈழத்து எழுத்தாளர்கள் தாங்களே அச்சடித்து, வெளியீட்டு விழா முடிந்த கையோடு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன தொகுப்புகள் பல. கடையில் கிடைக்காத இவை இங்கே கிடைக்கும். சமயம், சோதிடம், சமையல் பக்கமும் குறைவில்லை. அறிவியல் பக்கம்தான் வருத்தம். கணினி பற்றிய புத்தகத்தை எடுத்தால் அதில் இன்னும் நெகிழ்வட்டுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறது. விவசாயத்துக்குப் பெயர்போன ஊரில், பயிர் நோய்கள் பற்றி ஒரு தோட்டக்காரர் எடுத்துப் பார்க்கத்தக்க புதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. அன்பளிப்பை நம்பியே வளர்கிற இறாக்கை கொடுப்பவர்களின் ரசனைப்படிதான் வளரும். வாங்குகிற பணத்தையாவது இந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

நூலகர் அக்காவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை முற்றியிருந்த காலத்தில், நான் எடுத்த புத்தகத்தைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை நீட்டினார். “இதில எழுத்துப் பொடி. அம்மா கஷ்டப்படுவா. இது பழைய அச்சு, எழுத்துப் பெரிசு. கொண்டு போங்கோ.” யார் வீட்டில் யாருக்கு என்ன வாசிப்பு என்பது அவருக்கு மனப்பாடம். எடுத்த புத்தகத்தையே திரும்ப எடுத்துவிடாமல் இருக்க, அம்மா பின் அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அது அக்காவுக்குத் தெரியும். ஒருநாளும் கண்டித்ததில்லை. இன்றைக்கும் சில புத்தகங்களின் மூலையில் அந்தப் புள்ளி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வேறு யாரோ வைத்த சிறு சிலுவைக் குறிகளும் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கும். காலையில் உதயன், வலம்புரி, தினக்குரல் வந்து விழ, பெரியவர்கள் வாங்கில் இருந்து பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் படிப்பார்கள். நல்ல வழக்கம், நிலைக்க வேண்டும். ஆனால் அந்த வாங்கில் ஒரு பெண் போய் அரை மணி நேரம் இருந்து பேப்பர் படிப்பதை நான் கண்டதில்லை. பிரதேச சபை நூலகத்தில் அந்தக் கூச்சம் கிடையாது. சந்தைக்கு வந்த பெண்கள் மரக்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு வந்து காற்றாடிக்குக் கீழே கதிரையில் இருந்து வாசிக்கிறார்கள். ஊரில் ஒரு பெண் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், தனியாக இருக்கக்கூடிய இடம் கோயிலுக்கு அடுத்ததாக இதுதான்.

கட்டடம் சுமார். மேற்கு மூலையில் இரண்டு மாரி ஒழுகியது. வாளி வைத்துப் பார்த்தார்கள், பிறகு இறாக்கையை நகர்த்தினார்கள், அதற்குள் ஒரு தட்டுப் புத்தகம் ஊறிவிட்டது. தை மாத வெயிலில் பாயில் பரப்பிக் காய வைத்தபோது நானும் ஒத்தாசைக்குப் போனேன். இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகள் ஒரு பக்கத்தில் தொடங்கி நாற்பது பக்கம் தாண்டிப் போயிருந்தன. கழிவறைத் திறப்பை வாசகர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு, தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் மெலிந்தன, கொப்பியின் விலை கேட்டுப் பெற்றோர் கடையில் நின்று யோசித்தார்கள். அந்த வருடம்தான் எங்கள் நூலகத்தில் ஆட்கள் நிறைந்திருந்ததைக் கண்டேன். புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகள் யன்னலோர மேசைகளில் பகல் வெளிச்சத்தில் இருந்து கடந்தகால வினாத்தாள்களைக் கையால் பார்த்து எழுதினார்கள். போட்டோப் பிரதி எடுக்கக் காசில்லை, கடையில் கரண்டும் இல்லை. ஒரே வினாத்தாளைச் சுற்றி நான்கு தலைகள். சைக்கிள்கள் வேலி ஓரம் சந்தை வரைக்கும் நின்றன.

அதற்கு முந்திய 2020 ஊரடங்கில் கதவு பூட்டியே கிடந்தது. அப்போது கைகொடுத்தது இணையத்தில் இருக்கிற ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கியது. பழைய சிற்றிதழ்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று ஈழத்துப் பதிப்புகளை ஸ்கான் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறார்கள். அம்மா படித்த பாடசாலையின் பழைய மலர் ஒன்று அதில் இருந்தது. கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். ஆசிரியர்களின் குழுப்படத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். எங்கள் வீட்டு அலுமாரியோடு போன மலர் அது.

நகரத்துக்குப் போனால் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குள்ளும் ஒரு நடை போவேன். 1959இல் திறந்து, 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டு, ஓலைச்சுவடிகளோடு 97,000 நூல்கள் சாம்பலாகி, பிறகு மீண்டும் எழுந்த இடம். முன்னால் சரஸ்வதி சிலை. அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைகிறபோது நான் சத்தம் குறைத்துப் பேசுவது விதிக்காக இல்லை. ஆனால் ஒரு கிழமை நாளில் போய்வரப் பஸ்ஸும் நேரமும் சேர்ந்து அரை நாள் போய்விடும். எரிந்த நூலகத்துக்காக நாங்கள் எல்லோரும் அழுகிறோம். அதே அக்கறையில் ஒரு பங்கு, சந்தைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைகளுக்கும் வேண்டும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு சபையின் கீழ். பக்கத்துச் சபை எல்லைக்குள் இருக்கிற நூலகமொன்றில் நான் பல மாதம் தேடிய தொகுப்பைக் கண்டேன். எங்கள் அட்டைக்குத் தர முடியாது என்றார்கள், எங்கள் நூலகத்தின் மூலம் இரவல் கேட்கவும் வழியில்லை. இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் இருபது நிமிடம்.

எல்லாவற்றிலும் பெரிய முறைப்பாடு நேரம்தான். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிகிறது ஐந்தரைக்கு, நூலகம் பூட்டுகிறது ஐந்துக்கு. போயா என்கிற பௌர்ணமி நாளும் பொது விடுமுறையும் எனக்கு லீவு, அவர்களுக்கும் லீவு. இந்த 14 வருடமும் நான் புத்தகம் மாற்றியது மதியச் சாப்பாட்டு நேரத்தில், அரைவாசி ஓட்டத்தில். இறாக்கை முன்னால் ஆறுதலாக நின்று பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மகளுக்கு இப்போது 15 வயது. பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் ஆறு மணி. ஆறாம் வகுப்பு வரைக்கும் சிறுவர் பகுதியில் தரையில் படுத்துக் கிடந்த பிள்ளை, நாலு வருடமாக உள்ளே போகவில்லை. அவளுடைய சிநேகிதிகளும் அப்படித்தான். வாசிப்புக் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசிப்பு மாத மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு முடிகிற நேரத்துக்கு நூலகமும் பூட்டிவிடும்.

2022 கடைசியில் வாசகர்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கிழமையில் இரண்டு நாளாவது இரவு ஏழு வரைக்கும் திறக்கச் சொல்லி. எங்கள் வட்டார உறுப்பினர் வாங்கி வைத்தார். 2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே தேர்தல் வரைக்கும் உறுப்பினர் என்று கேட்க ஆள் இல்லை. கடிதம் எந்தக் கோப்பில் போனதோ தெரியாது.

தேர்தலுக்குப் பிறகு திரும்ப எழுதினோம். இந்த முறை 46 ஒப்பம். நூலகர் அக்கா ஏழு மணி வரைக்கும் தனியே நிற்க வேண்டி வரக்கூடாது என்பதால், மேலதிக ஊழியர் ஒருவரையும் வாசலில் ஒரு விளக்கையும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். அம்மாவும் ஒப்பமிட்டார். வெண்புரை எடுத்த பிறகு பொடி எழுத்தும் தெரிகிறது அவருக்கு. கடிதம் முழுவதையும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையையும் காட்டித் திருத்தச் சொன்ன பிறகுதான் பேனையைக் கேட்டார். அடுத்த சபை அமர்வில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரதியொன்று என் கைப்பையில் இருக்கிறது.