நாவலரா, தாமோதரம்பிள்ளையா?

புகழில் இரண்டு வகையைப் பார்க்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் ஒருவர். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர்.

நாவலரின் புகழ் ஊரறிந்தது. பிரசங்கம் செய்தார், கண்டனங்கள் எழுதினார், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார், அச்சுக்கூடம் நடத்தினார். திருவாவடுதுறை ஆதீனம் அளித்த பட்டமே பெயராகி நிலைத்துவிட்டது. இவ்வகைப் புகழுக்கு எதிரிகளும் வேண்டும்; அவருக்கு அதில் குறைவே இல்லை. சைவத்தைக் காத்தவர் என்று போற்றுகிறவர்களும், சாதி விடயத்தில் அவரைக் கடிந்துகொள்கிறவர்களும் இன்றும் ஓயவில்லை. இரு தரப்பிலும் அவருடைய நூல்களைப் புரட்டியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது!

பிள்ளையின் கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதி. பதவியின் பெருமை அவரோடு போயிற்று. நின்றவை செல்லரித்த ஏடுகளிலிருந்து அவர் மீட்ட நூல்கள். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையை நாவலர் பரிசோதிக்க, இவர் பதிப்பித்தார். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதைப் படிக்கும் மாணவன் பாடலை அறிவான், பதிப்பித்தவரை அறியான். பதிப்பு என்றதும் உ. வே. சாமிநாதையரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஐயர்மேல் எனக்கு வழக்கில்லை.

என் சாய்வு பிள்ளையின் பக்கம். பரவிய பெயரை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்; நாவலருக்கு அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கலித்தொகையை அப்படி இழுக்க முடியாது.