மைதானத்துக்கு அடியில் ஒரு மழைநீர்த் தொட்டி: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின்

எங்கள் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில், புல்தரைக்குப் பாய்ச்சுவதற்கென இரண்டு லட்சம் லிட்டர் கொள்ளும் நிலத்தடி மழைநீர்த் தொட்டியை அமைத்து இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கி, நீர் கசியாத விரிப்பால் சுற்றி, மேலே மண் நிரப்பிப் புல் வளர்க்கும் வகை இது. சரளைக்கல் நிரப்பிய குழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடமே தண்ணீருக்குக் கிடைக்கும். இக்கூடைகளிலோ சுமார் 95 விழுக்காடு கிடைப்பதால், பயிற்சிக்கான இடத்தை இழக்காமல் வேலை முடிந்தது.

அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் கணக்கில்தான் முதல் குறை. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,78,500 லிட்டர் விழும் என்பது சரியே. ஆனால் நல்ல புல்தரை அதில் பெரும்பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியை உண்மையில் நிரப்புபவை பார்வையாளர் மாடத்தின் கூரையும் வாகன நிறுத்துமிடமுமே. களத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒருமுறை நீர் தெளிக்கவே 35,700 லிட்டர் வேண்டும் என்பதால், இந்தப் பிழை சிறியதன்று.

இரண்டாவது குறை இன்னும் கவலை தருவது. வாகன நிறுத்துமிடத்து நீர் எண்ணெய்ப் பிசுக்கையும் டயர்த் தூளையும் மண்ணையும் அள்ளி வருகிறது. முதலில் வரும் அழுக்கு நீரைத் தனியே வெளியேற்றும் அமைப்பும், அதையடுத்த வண்டல் தொட்டியும் மிகச் சிறப்பாக வேலை செய்கின்றன. இவற்றை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் அவற்றையும் தாண்டிச் செல்லும் நுண்ணிய சேறு கூடைகளுக்குள் படிந்துவிட்டால், ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வழியில்லை. தொட்டியின் உள்ளே பார்த்துச் சோதிக்க உதவும் ஆய்வுக்குழாயை ஒரே ஒரு முனையில் மட்டும் வைத்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் பம்ப் அடிச்சேற்றை இழுத்து, தெளிப்பான்களின் துளைகள் அடைபட்டன. பலமுறை கேட்ட பிறகு, மேல்மட்டத்து நீரை மட்டும் உறிஞ்சும் மிதவைக் குழாயைப் பொருத்தித் தந்தார்கள். எதிர் முனையிலும் ஓர் ஆய்வுக்குழாய் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

விளையாடுபவர்கள் விழுந்து புரளும் புல் என்பதால், கிருமிநீக்கத்தில் சிக்கனம் கூடாது. கலங்கல் நீரில் புற ஊதாக் கதிர் ஊடுருவாது. ஆகவே மணல் வடிகட்டியைக் கடந்த பிறகே நீர், கிருமியழிக்கும் புற ஊதா விளக்கை அடையும்படி அமைத்திருப்பது சரியான முறை. ஆள் நடமாட்டமில்லாத இரவில் தெளிக்கிறோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டு ஓடிய பின் அதன் கிருமியழிக்கும் திறன் குறைந்துவிடும் என்பதை நிறுவனத்தார் சொல்லவே இல்லை. கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டு, மாற்ற வேண்டிய தேதியைப் பம்ப் அறைக் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.