பழைய செஸ்னா விமானத்துக்கு மஃப்ளர் தேடுகிறீர்களா? உங்கள் பழைய மஃப்ளரை முன்கூட்டி அனுப்பிவிடாதீர்கள்

அமெரிக்காவில் பழைய விமானம் வைத்திருப்பவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். நானும் ஒரு நண்பரும் பங்கு போட்டு ஒஹையோவில் 1946ஆம் வருடத்து செஸ்னா 140 ஒன்றை வைத்திருக்கிறோம். 85 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். ஆண்டுச் சோதனையில் அதன் மஃப்ளரில், அதாவது எஞ்சின் புகை போகும் வழியில் சத்தத்தைக் குறைக்கும் உலோகப் பாகத்தில், மெல்லிய விரிசல் இருப்பது தெரிந்தது.

கார் மஃப்ளரில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். இங்கே விஷயம் வேறு. மஃப்ளரைச் சுற்றி ஒரு தகட்டு உறை இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் காற்று சூடாகி கேபினுக்குள் வருகிறது. மஃப்ளர் விரிசல் விட்டால் அந்தக் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். நிறமோ மணமோ கிடையாது. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபு சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது நினைவிருக்கும். அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபினின் 58 சதவீதத்தை இந்த வாயு பிடித்திருந்தது. விமானியையும் அது பாதித்திருக்கக்கூடும் என்றே பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது.

இந்த வயது விமானத்துக்குப் பாகங்கள் கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். நம் பழைய மஃப்ளரை 'கோர்' என்று வாங்கிக்கொண்டு, புதுப்பித்த ஒன்றைத் தருவது வழக்கம். ஒரு பட்டறை இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தது: ஓவர்ஹால் (முழுமையாகப் புதுப்பிப்பு) செய்தது, எஃப்ஏஏ 8130-3 டேக் உண்டு. எஃப்ஏஏ என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்; இந்த டேக் பாகம் பறக்கத் தகுதியானது என்பதற்கான சான்றுச் சீட்டு. படத்தில் பளபளவென்று இருந்தது. கோர் கைக்கு வந்தால்தான் பார்சல் போடுவோம் என்றார்கள். பணமும் கோரும் சேர்ந்தே போயின.

வந்ததை எங்கள் மெக்கானிக் மேஜையில் வைத்து, முதலில் ஒரு காந்தத்தை எடுத்தார். எக்ஸாஸ்டுக்கு (புகைபோக்கிப் பாகங்களுக்கு) போடும் 321 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. வெல்டு ஓரத்தில் லேசாக இழுத்தால் உண்டு. இங்கே அடியில் வைத்திருந்த ஒட்டுத் தகட்டில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. சாதாரண இரும்பு. சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால், வெல்டின் உட்பக்கம் கருகிய சர்க்கரைபோலப் பொருபொருவென்று இருந்தது. உள்ளே காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவை நிரப்பாமல் வெல்டு அடித்திருக்கிறார்கள். அந்த இடம் சூட்டில் சீக்கிரமே விட்டுவிடும். ஃபிளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் விளிம்பில்) யாரோ பென்சிலால் நம்பர் எழுதியிருந்தார்கள். பென்சில் கரி சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி விரிசலுக்கு வழிசெய்யும் என்று எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேடே எச்சரிக்கிறது. அதைக்கூட அறியாத கை! கடைசியாக, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைக் குழாயில் பொருத்தி, சோப்புத் தண்ணீர் தடவினார். ஒட்டின் ஓரம் முழுக்க நுரை, அதாவது கசிவு.

டேக் ஒரு ஜெராக்ஸ். அதிலிருந்த பார்ட் நம்பர் வேறு மாடலுடையது. அதில் பெயர் இருந்த ரிப்பேர் ஸ்டேஷனுக்கு (எஃப்ஏஏ அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்துக்கு) போன் போட்டால், அந்த வொர்க் ஆர்டர் தங்களுடையதே இல்லை என்றார்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்டபோது, "வேண்டுமானால் பாதிப் பணம் தருகிறோம், உங்கள் கோர் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். பணத்தை கார்டு வங்கி மூலம் மீட்க முயல்கிறோம். ஆனால் எங்கள் மஃப்ளரின் ஃபிளாஞ்சுகள் நன்றாக இருந்தன, உடலில் முத்திரையிட்ட நம்பர் இருந்தது. நல்ல கையில் கொடுத்திருந்தால் அதையே மீட்டிருக்கலாம்.

ஆகவே, டேக்கின் தெளிவான படத்தை முதலில் கேளுங்கள். அதிலிருக்கும் ரிப்பேர் ஸ்டேஷனை, விற்பவர் தரும் நம்பரில் அல்ல, எஃப்ஏஏ பட்டியலில் தேடி நீங்களே அழையுங்கள். பாகம் வந்து உங்கள் மெக்கானிக் சரி என்று சொல்லும்வரை கோர் உங்கள் ஹேங்கரிலேயே (விமானக் கொட்டகையிலேயே) இருக்கட்டும். கோருக்கு முன்பணம் கேட்டால் கட்டிவிடலாம், பின்னால் திரும்பி வரும். அதற்கும் ஒத்துக்கொள்ளாத பட்டறை வேண்டவே வேண்டாம்.

சந்தேகத்துக்குரிய பாகம் என்று 8120-11 படிவத்தில் எஃப்ஏஏவுக்குப் புகார் அனுப்பிவிட்டோம். அது முடியும்வரை பட்டறையின் பெயரைப் பொதுவில் போடவில்லை. இதேபோல ஜெராக்ஸ் டேக்கோடு எக்ஸாஸ்ட் பாகம் வாங்கியவர்கள் இருந்தால், அதைப் பூட்டிப் பறக்காமல் நீங்களும் புகார் கொடுங்கள். செஸ்னா 140 மஃப்ளர் கோர் யாரிடமாவது சும்மா கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.