சேஜ்மேத்ல சொந்தமா ஒரு அல்ஜீப்ரா: பல வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

பைத்தான்ல எழுதுற இலவச கணித மென்பொருள் சேஜ்மேத்ல இல்லாத ஒரு அல்ஜீப்ராவ (கூட்டல், பெருக்கல் ரெண்டும் இருக்குற ஒரு கணித அமைப்பு) எழுதி சேர்த்து அதுலயே பல வருஷமா கணக்கு போட்டுட்டு இருக்கேன், இதே வேலையில இறங்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

பேசிஸ் (மத்த எல்லா எலிமென்ட்டையும் உண்டாக்குற அடிப்படை எலிமென்ட்டுங்க) இருந்தா ஆரம்பம் சுலபம். சேஜ்மேத்லயே இருக்குற காம்பினட்டோரியல் ஃப்ரீ மாட்யூல் கிளாஸ எடுத்துக்கிட்டு, ரெண்டு பேசிஸ் எலிமென்ட்ட பெருக்கினா என்ன வரும்னு மட்டும் சொன்னா போதும், கூட்டல், பிரிண்ட், பெருக்கல லீனியரா விரிக்கிறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்.

நேரம் போறது கோஎர்ஷன்லதான், அதாவது வேற வேற அமைப்புல இருக்குற எலிமென்ட்ட கலந்தா சேஜ்மேத் தானாவே ஒரே அமைப்புக்கு மாத்திக்கிறது. முழு எண்ணயும் மாடுலோ 7 எண்ணயும் (7ஆல வகுத்தா வர்ற மீதி) கூட்டினா விடை மாடுலோ 7லதான் வரும், ஏன்னா அந்தப் பக்கம் போறதுக்குத்தான் ஹோமோமார்ஃபிசம் (கூட்டலையும் பெருக்கலையும் கெடுக்காம மாத்துற மேப்) இருக்கு. திருப்பி முழு எண்ணா மாத்தறது வெறும் கன்வெர்ஷன், நாம கேட்டாதான் நடக்கும். உங்க ஸ்ட்ரக்சருக்கும் இத கறாரா வச்சுக்கோங்க, வசதிக்காக ஒரு மேப்ப கோஎர்ஷனா திறந்துவிட்டா எரரே வராம தப்பு விடை வரும், அதக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். பெருக்கல் மெத்தட நீங்களே எழுதினா ரெண்டு பக்கமும் ஒரே ஒரு அண்டர்ஸ்கோர் வச்ச பேர்லயே (_mul_) எழுதுங்க, அப்பதான் உள்ள வர்ற ரெண்டும் ஒரே பேரண்ட்லேர்ந்து (எலிமென்ட் சேர்ந்திருக்குற அமைப்பு) வருதுங்கிற உத்தரவாதம் கிடைக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது டெஸ்ட்சூட், சேஜ்மேத்லயே இருக்குற சோதனைக் கருவி. கேட்டகரிய (உங்க அமைப்பு எந்த வகைன்னு) சொல்லிட்டா அதோட விதிகள அதுவே சோதிக்கும். ஆனா எந்த எலிமென்ட்ட வச்சு சோதிக்குதுன்னு பாருங்க! சோதனைக்கு எலிமென்ட் குடுக்குற சம் எலிமென்ட்ஸ் மெத்தட நீங்க எழுதலன்னா பொதுவா ஒரே ஒரு எலிமென்ட்தான் கிடைக்கும். ஜோர்டான் அல்ஜீப்ராவ எடுத்துக்கோங்க, அது கம்யூட்டேட்டிவ் (வரிசைய மாத்திப் பெருக்கினாலும் விடை ஒண்ணுதான்), ஆனா பொதுவா அசோசியேட்டிவ் இல்ல (அடைப்புக்குறிய இடம் மாத்தினா விடை மாறலாம்). அத தப்பா அல்ஜீப்ராஸ் கேட்டகரில போட்டாலும் (அங்க அசோசியேட்டிவ்னு அர்த்தம், அசோசியேட்டிவ்னு கேக்காத மேக்மாட்டிக் அல்ஜீப்ராஸ்தான் சரி) ஒரே எலிமென்ட்ட மூணு தடவ பெருக்கினா, கம்யூட்டேட்டிவா இருக்குறதால அடைப்புக்குறி எங்க போட்டாலும் விடை ஒண்ணுதான், அசோசியேட்டிவ் டெஸ்ட் பாஸ் ஆயிடும். அதனால பேசிஸ், அதுங்களோட கூட்டல், பூஜ்யம், யூனிட் (1)னு நல்லா கலந்து குடுங்க. உங்க அல்ஜீப்ராவுக்கே உரிய ஐடென்டிட்டி (எப்பவும் பொருந்தவேண்டிய சமன்பாடு) இருந்தா டெஸ்ட்னு ஆரம்பிக்கிற மெத்தடா, முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் வச்சு எழுதுங்க, டெஸ்ட்சூட் அதையும் தானா ஓட்டும், நான் ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் இத ஓட்டாம எதையும் நம்புறதில்ல.

குறைன்னா வேகம்தான். கோடிக்கணக்குல பெருக்கணும்னா பெருக்கல் பகுதிய மட்டும் சைத்தான்ல (Cython, பைத்தான் மாதிரியே எழுதி வேகமா ஓடவைக்கிற மொழி) எழுதிடுங்க, மத்ததெல்லாம் பைத்தான்லயே இருக்கட்டும்.