சிக்னலில் மட்டும் சூடாகும் காருக்கு ஹெட் கேஸ்கட் பில் போட்டால் உஷார்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கார் வேலைக்கு விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். கடை பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எப்படியும் இந்த ஏமாற்று வேலையை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் செய்யலாம்.

என்னுடையது பத்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார். ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோடு வரை ஏறும். வண்டலூர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் தானாக நடுவுக்கு வந்துவிடும். ஏசியும் அப்படித்தான்: நிற்கும்போது வெறும் காற்று, ஓடினால் ஜில்லென்று இருக்கும். கடையில் இதை ஒன்று விடாமல் சொன்னேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், மூடினார். "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார். இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும்." அவ்வளவுதான் பரிசோதனை. (இன்ஜினின் மேல் பாகம்தான் ஹெட். அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசிவில்லாமல் அடைக்கும் தகடு ஹெட் கேஸ்கட்.) ஹெட் கேஸ்கட், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன்படுத்துவது), வாட்டர் பம்ப், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஏசி கேஸ் எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, உதிரிபாகங்களின் எண்ணும் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்".

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதே சிக்னலில் அதே மாதிரி முள் ஏறியது. திரும்பக் கொண்டுபோனால், "புது கேஸ்கட் சார், செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார்கள். அப்புறம் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும், இன்னும் 7,000 ஆகும் என்றார்கள். அங்கிருந்து நேராகக் கூடுவாஞ்சேரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் போனேன்.

அவர் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். "ஃபேன் சுத்துதா பாருங்க தம்பி." சுற்றவில்லை. பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சில நொடிகளில் ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும். ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேவைப் பிடுங்கி, அதே வகை ஹார்ன் ரிலேவை அந்த இடத்தில் செருகினார். அப்போதும் ஓடவில்லை. மோட்டாருக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. ஒரு மரக்குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளினார். சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, ஒரு நிமிஷத்தில் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து மிளகு அளவுக்கு இருந்தது. (நீங்கள் கையை விட்டுவிடாதீர்கள். சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும்.)

மோட்டார் மாற்றக் கூலியோடு 3,200 ரூபாய். வேலை முடிந்தது. மே மாத வெயிலில் அதே பெருங்களத்தூரில் ஏசி போட்டபடி நின்றேன், முள் அசையவில்லை.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, என் வண்டியில் இரண்டுக்கும் ஒரே ஃபேன். ஆக, முள் ஏறுவதும் ஏசி சூடாக வருவதும் ஒரே கோளாறு. தொழில் தெரிந்தவனுக்கு நான் சொன்னதைக் கேட்டவுடனே ஃபேன் ஞாபகம் வந்திருக்கும். வந்திருக்காது என்று நான் நம்பவில்லை. கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால், மேட்டில் ஏறும்போதும் ஹைவேயில் அழுத்தி ஓட்டும்போதும்தான் சூடு அதிகமாகும். கூலன்ட் காரணமில்லாமல் குறையும், ரேடியேட்டரில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, சில வண்டிகளில் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்றும் உண்டு; எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். இதில் ஒன்றையும் பார்க்காமல் ஹெட்டில் கை வைக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். அண்ணன் டார்ச் அடித்து, ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் காட்டினார். என் இன்ஜினில் அதன் நட்டுகளைத் தொடாமல் ஹெட்டைத் தூக்கவே முடியாதாம். அத்தனை நட்டும் பல வருஷத் துருவோடு அப்படியே இருந்தன, ஒன்றிலாவது ஸ்பேனர் பட்ட கீறல் இல்லை. ஹெட்டை இறக்கக் கழற்ற வேண்டிய டைமிங் கவரின் போல்டுகள் மேலும் எண்ணெயும் புழுதியும் கெட்டியாக அப்பிக் கிடந்தன. ஹெட்டே இறங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. வாட்டர் பம்பும் பழசுதான். அந்தக் கடைக்காரர்கள் உண்மையில் செய்த ஒரே வேலை, சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று இன்னமும் சொல்கிற கடைகள் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் விழும். புது வால்வு போட்டுக்கொண்டேன், அது தனிச் செலவு.

பெரிய வேலை என்று சொன்னால், கழற்றிய பாகங்களை வண்டியிலேயே போட்டுத் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹெட் இறக்கினால் அதை நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். வழியில் முள் ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, துருப்பிடித்த நட்டுகளின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். போட்டோக்களைக் கடைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது: "சார், பெருசு பண்ணாதீங்க. ஒரு வாட்டர் வாஷ் ஃப்ரீயா பண்ணித் தரோம், வண்டியைக் கொண்டாங்க."