850 கிராம் பை

மகளைப் பார்க்க காட்பாடியிலிருந்து டெல்லிக்கு வருஷத்தில் இரண்டு முறை போய் வருகிறேன். பல வருஷமாகக் கூடவே வந்த டிராலி பெட்டியை ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் காலியாகவே வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 900 கிராம்! விமானத்தில் கையோடு எடுத்துப்போக பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. அதில் கிட்டத்தட்ட மூன்று கிலோவைப் பெட்டியே எடுத்துக்கொண்டால் துணிமணியை எங்கே வைப்பது?

அதனால்தான் வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் பை தைக்கும் பாயிடம் போனேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்தவர். நம்ம ஊரில் தோலுக்கா பஞ்சம், நல்ல தோலில் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "தோலு வேணாம் டீச்சர், தோலே ஒன்றரை கிலோ வந்துடும். கேன்வாஸ்ல போடறேன், கைப்பிடிக்கு மட்டும் தோல் வைக்கலாம்" என்றார். தோலில் தைத்திருந்தால் அவருக்குக் கூடுதல் காசு. அப்படியும் வேண்டாம் என்று சொன்னாரே, அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

விமானக் கம்பெனி சொல்லும் அளவு 55, 35, 25 சென்டிமீட்டர். சாமான் வைத்ததும் பை உப்பும் என்று 50, 34, 22-க்கு வெட்டினார். முதுகில் மாட்டும் பை. ஜிப் மூன்று பக்கமும் சுற்றி வருவதால் சூட்கேஸ் மாதிரி விரித்து அடுக்கலாம். தோள் பெல்ட் பையோடு சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்கே இரண்டு தையல். மெழுகு பூசிய நூல். பிடித்து இழுத்துப் பார்த்தேன், நூல் அசையவில்லை. காலிப் பையின் எடை 850 கிராம்.

மிச்சமான இரண்டு கிலோவில் ஒரு கிலோவை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு ஒதுக்கினேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். மகளுக்கு டெல்லியில் எது கிடைத்தாலும் இது கிடைக்காது. மீதி இடத்தில் சேலை மூன்று (இரண்டு சிந்தெடிக், ஒன்று லேசான சில்க் காட்டன்), உள்பாவாடை இரண்டு, நைட்டி இரண்டு, மாத்திரை, சார்ஜர். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. எடையும் இல்லை, சீக்கிரமும் காயும். பவர் பேங்க்கை எப்படியும் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். மொத்தம் 6 கிலோ 300 கிராம்.

காட்பாடியில் ரயில் ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருந்தது. கம்பியைப் பிடித்து நிதானமாக ஏறினேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். சென்ட்ரலில் இறங்கி, அப்புறம் மெட்ரோவில் நேராக விமான நிலையம். டெல்லியில் இறங்கியதும் பெட்டி வரும் பெல்ட் முன்னால் நிற்கும் வேலையே இல்லை.

வீட்டுக்குப் போய்த் திறந்தோம். துண்டில் சுற்றி மேலாக வைத்திருந்த காய் ஒன்றுகூட நசுங்கவில்லை. காம்பு முள் இரண்டு மட்டும் லைனிங்கில் ஒடிந்து குத்திக்கொண்டு நின்றன. துணி கிழியவில்லை.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் நடக்கவைத்தார். தண்ணீர் பாட்டில் பாக்கெட் ரொம்ப இறுக்கம், ஒரு லிட்டர் பாட்டில் நுழையாது. கேன்வாஸ் மழைக்குத் தாங்காது. ரெக்சினில் ஒரு மேலுறை தைத்துத் தரக் கேட்டிருக்கிறேன்.

கூலி, துணி, ஜிப் எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். தைக்கக் கொடுப்பவர்கள் நீங்கள் போகும் விமானத்தின் அளவை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள். மகளும் ஒன்று கேட்டாள். நீல கேன்வாஸில் சொல்லிவிட்டு வந்தேன்.